எம் தோட்டத்து நீராவி எஞ்சின்

பூவிருந்தவல்லி என்னும் பழம்பெயருடைய பூந்தமல்லிக்கும் இருப்புப்பாதைக்கும் நெடுங்காலம் உறவு இருந்ததில்லை. தென்னாட்டின் முதற் பிரயாணிவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டபொழுது, அஃது எம் ஊருக்கு வடக்கே ஆவடி வழியாகவே சென்றது. எமக்கு வாய்த்தது நெடுஞ்சாலை ஒன்றே. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே மெட்ரோ வண்டி சோதனையாக ஓடிற்று. ஆயினும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எம் வீட்டுப் பின்புறத்தில், கிணற்றையும் முல்லைப் பந்தலையும் சுற்றி, இருப்புப்பாதையொன்று அமைந்துவிட்டது என்று யாம் கூறின் அன்பர்கள் நகைப்பர். அதன் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 45 மில்லிமீட்டர்!

இவ்வகலத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணற்க. மீட்டர் பாதையை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கின் ஏறத்தாழ இவ்வளவே வரும். எழும்பூரினின்று தெற்கே ஓடிய வண்டிகளெல்லாம் ஒருகாலத்தில் மீட்டர் பாதையிலேயே ஓடின. எம் பெரியப்பா 1970-களில் விழுப்புரம் ஷெட்டில் பயர்மேனாக இருந்து, வொய்.பி. என்னும் வகை எஞ்சின்களுக்குக் கரி வாரிப் போட்டவர். அவ்வெஞ்சினின் பெருஞ்சக்கரங்கள் நான்கடி ஆறங்குல விட்டமுடையவை. எம் தோட்டத்து அளவில் அவை 61 மில்லிமீட்டராகச் சுருங்கும். அத்தகைய எஞ்சினை வாங்க எம்மிடம் பொருளில்லை. யாம் பெற்றது, நான்கே சக்கரங்களையுடைய சிறியதோர் எஞ்சின். அயல்நாட்டில் ஒருவர் ஓட்டிப் பழகி விற்றது, பச்சை வண்ணம் பூசியது, எந்நாட்டிற்கும் உரியதன்று.

சிறியதாயினும் அது பொம்மையன்று. அதனுள் செம்பினாலான கொதிகலன் உண்டு. அதன் பொருத்துகளெல்லாம் வெள்ளிப்பற்று வைத்து இறுக்கப்பட்டவை. அடியில் பியூட்டேன் வாயு எரியும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுதல் வேண்டும். கிணற்று நீரை ஊற்றின் உப்புப் படிந்து கெடும். அழுத்தமானியின் முள் 40 பவுண்டைத் தொட்டதும் ஓட்டலாம். எண்ணெய்ப் பாத்திரத்தின் அமைப்பு வியப்புக்குரியது. அதனுட் புகும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் துளித்துளியாக நீராவிக் குழாயில் ஏறிச் சிலிண்டரை அடைகின்றது. இயங்கும் உறுப்பு ஒன்றுமின்றியே எண்ணெயிடும் வேலை நடைபெறுகின்றது!

இப்பச்சை எஞ்சினைத் தென்னாட்டு எஞ்சினாக மாற்றுதல் வேண்டும் என்பது எம் அவா. பெரியப்பாவுக்கு அஃது எம்மினும் மிகுதி. முதலில் பழைய வண்ணத்தைச் சுரண்டி நீக்கினோம். 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் சூடு ஏறத்தாழ 140 டிகிரி சென்டிகிரேடு ஆதலின் சாதாரண வண்ணம் கொப்புளித்துவிடும். மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்க்குப் பூசும் கரிய வண்ணத்தைத் தேடிக் கொணர்ந்தோம். மெல்லிய பித்தளைத் தகட்டின் பின்புறத்தே மழுங்கிய ஊசியை வைத்துத் தட்டி, முன்புறத்தில் ஆணித்தலைகள் வரிசையாய் எழும்பும்படி செய்தோம். இருநூற்றுக்கு மேற்பட்ட ஆணித்தலைகள்! இரு ஓரங்களிலுமிருந்த மோதுதாங்கிகளை அகற்றி, மீட்டர் பாதைக்குரிய ஒற்றை மோதுதாங்கியை நடுவில் பொருத்தினோம். முன்னே மாடு தடுக்கும் கம்பிக்கூடும், பெரிய விளக்கும் அமைந்தன. பக்கத்தில் 'தெ.ரெ.' என்னும் எழுத்துக்களைப் பெரியப்பாவே நடுங்கும் கையால் எழுதினார்.

டிரைவர் நிற்குமிடத்தில் யாம் இரண்டு சிறு உருவங்களை நிறுத்தினோம். பெரியப்பா உற்று நோக்கி, "பயர்மேன் கையில் வேஸ்ட் எங்கே, தம்பி? அது இல்லாமல் ஒருவன் எஞ்சினில் ஏறுவானா?" என்றார். கைதுடைக்கும் பஞ்சுநூற் கற்றையை அவர் அவ்வாறே சொல்வார். அதனையும் வைத்தோம், மண் கூஜா ஒன்றும் வைத்தோம். பின்புறத்தில் உண்மைக் கரியைப் பொடித்து ஒட்டினோம். "எரியாத கரி!" என்று அவர் நகைத்தார். அந்நகைப்பின் பொருள் எமக்கு அப்பொழுது விளங்கவில்லை.

இறுதியாக ஒன்று எஞ்சியது. தம் இளமையில் கண்ட பழைய எஞ்சின்களின் முதுகில் பளபளத்த பித்தளைக் கவிகை இதற்கும் வேண்டுமென்று பெரியப்பா விரும்பினார். அவ்விடத்தில்தான் பாதுகாப்பு வால்வு இருந்தது. கடைசலில் கொடுத்து அழகிய கவிகையொன்று செய்வித்து, வால்வை மூடுமாறு கவிழ்த்து, அசையாதபடி திருகாணியால் இறுக்கினோம். கண்ணாடிபோல் துலக்கினோம். அன்றிரவு அதனை எத்தனை முறை எடுத்துப் பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

மறுநாள் மாலை முதல் ஓட்டம். எம் இளவலின் புதல்வன், எட்டு வயதுச் சிறுவன், எஞ்சினின் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தான். வாயுவைக் கொளுத்தினோம். முள் 20-ஐக் கடந்தது, 40-ஐத் தொட்டது. யாமோ கைப்பேசியில் அதன் அழகைப் படம்பிடிப்பதிலேயே கருத்தாயிருந்தோம். கண் மங்கிய பெரியப்பா திண்ணையில் அமர்ந்தபடியே, "வால்வு பேசவில்லையே, தம்பி!" என்றார். யாம் நோக்கினோம், முள் 60-இல் நின்றது. அடுத்த நொடியில் அவர் எழுந்து வந்து, சிறுவனைத் தோளைப் பற்றிப் பின்னே தள்ளி, வாயுவை அடைத்து, ஊதலின் கம்பியை இழுத்துப் பிடித்தார். நீராவி அலறிக்கொண்டு வெளியேறிற்று. முள் இறங்குமளவும் அவர் கையை எடுக்கவில்லை. அவர் விரல்கள் வெந்திருந்ததை யாம் பின்னரே கண்டோம்.

நிகழ்ந்தது யாது? எம் அழகிய கவிகை வால்வின் தலைமீது அழுந்தியிருந்தது. வால்வு மேலெழும்ப ஓர் இழையளவும் இடமில்லை. கொதிகலன் வேலை அழுத்தத்தின் இருமடங்கில் சோதிக்கப்பட்டதாதலின் அப்பொழுதே வெடித்திராது எனலாம். ஆனால் முள் எங்கே நின்றிருக்கும் என்று யாரே கூற வல்லார்? "கவிகை கேட்டவன் நான்தான். குற்றம் என்னுடையது" என்றார் பெரியப்பா. குற்றம் அவருடையதன்று. வால்வு எழும்ப இடமுண்டா என்று அளந்து பாராதவர் யாமே.

இத்தகைய பிழை உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1831-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 'சார்ல்ஸ்டன் நகரின் உற்ற நண்பன்' எனப் பெயரிய எஞ்சினின் பயர்மேன், பாதுகாப்பு வால்வின் இரைச்சலைப் பொறாது அதனை அடக்கி வைத்தான். கொதிகலன் வெடித்து உயிரிழந்தான். அவன் ஓசையை வெறுத்து மூடினான். யாம் அழகை விரும்பி மூடினோம். விளைவை நோக்கின் இரண்டும் ஒன்றே.

ஒரு திங்கள் எஞ்சினை யாம் தொடவில்லை. விற்றுவிடுவோமென்றும் எண்ணினோம். அந்நாட்களில் எம் நினைவுக்கு வந்தது பெரம்பூர்ப் பணிமனை. 1855-இல் லீட்ஸ் நகரிற் செய்யப்பெற்ற 'பேரி குவீன்' என்னும் எஞ்சின், நெடுங்காலம் காட்சிப்பொருளாய் நின்றபின், அங்கே செப்பனிடப்பெற்று 1997-இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அதே காலத்ததாகிய 'எக்ஸ்பிரஸ்' என்னும் மற்றோர் எஞ்சினும் 2010-இல் அவ்வாறே உயிர்பெற்றது. பொன்மலைப் பணிமனை நீலகிரி மலைப்பாதைக்கென இந்நூற்றாண்டிலும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகக் கட்டியுள்ளது. நிற்கும் எஞ்சினுக்கு வண்ணம் பூசுதல் எவர்க்கும் எளிது. ஓடும் எஞ்சினாக்க வேண்டின் முதலிற் கொதிகலனையும் வால்வையும் கவனித்தல் வேண்டும். அலங்காரம் அதற்குப் பின்னரே.

யாமும் அம்முறையே மேற்கொண்டோம். வால்வைக் கழற்றித் துப்புரவு செய்து, 40 பவுண்டில் திறக்கிறதா என்று மும்முறை சோதித்தோம். கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப்பம்பினால் 60 பவுண்டுவரை அழுத்திக் கசிவில்லை எனக் கண்டோம். பித்தளைக் கவிகையின் உச்சியை அறுத்துத் திறந்தவாயாக்கி, வால்வின் தலை வெளியே தெரியும்படி பொருத்தினோம். அழகு சிறிது குறைந்தது உண்மையே. காண வரும் நண்பர் சிலர், "இவ்விடத்தில் மட்டும் வேலை முடியவில்லைபோலும்" என்பர். யாம் மறுமொழி கூறுவதில்லை.

கல்லூரி மாணவ நண்பர்காள்! பட்டமும் பதவியும் நன்கு துலக்கிய பித்தளை போன்றவை. அவற்றை விரும்புதல் தவறன்று. ஆயின் உள்ளே மிகும் அழுத்தத்தை வெளிவிடும் வழியை அவற்றால் மூடிவிடாதீர்கள். அருகிலிருந்து, "வால்வு பேசவில்லையே" என்று சொல்லும் முதியோரையும் இழந்துவிடாதீர்கள்.

இப்பொழுது ஞாயிறுதோறும் எஞ்சின் முல்லைப் பந்தலைச் சுற்றி வருகின்றது. முள் 40-ஐத் தொட்டதும் வால்வு சீறும். சிறுவன் இரண்டு முழம் தள்ளியே உட்காருவான். பெரியப்பா திண்ணையில் கண்மூடியிருந்து அவ்வோசையைக் கேட்டபின்னரே, "ம், இனி ஓட்டு" என்பார்.