மதியத்துச் சர்க்கரை

2021 மே மாதத்தில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற பெயர் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தபோது, முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. தமிழக அரசு அதை, மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்ததும் அந்த மாதத்தில்தான். கொரோனாவின் பின்னால் வந்த புதிய நோய் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். புதியதல்ல. மனித உடலில் அதன் வேலையைப் பால்டாஃப் என்ற மருத்துவர் 1885-லேயே விவரித்துவிட்டார். எங்களுக்கு அது 2019 கோடையில் அறிமுகமாயிற்று, எங்கள் கடைசித் தம்பியின் முகத்தில்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் (அக்கா ஒருத்தி, அண்ணன்கள் இருவர்) பலமுறை பேசியிருக்கிறோம். எழுதினால் யாராவது ஒரு வீட்டில் ஒரு எண்ணைச் சரியான நேரத்தில் பார்ப்பார்கள் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

எங்களுடையது முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் இந்த வட்டாரத்தின் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் மட்டும் நின்றது. தம்பி அந்த மரத்தடியில்தான் படித்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தான். அவனுக்கு 27 வயதானபோது விடாத காய்ச்சலும் ஈறில் ரத்தமுமாகத் தொடங்கிய நோய்க்கு, அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்று பெயர் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோயில் வேகமாக வளரும் வகை.

நகரத்து மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்து, படுக்கை தட்டுப்பாட்டால் மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும், வேகவைத்ததையே தர வேண்டும், பழமென்றால் தோல் தடித்த பழமாக இருக்கட்டும் என்றார்கள். எங்கள் ஊரில் பலாவைவிடத் தோல் தடித்த பழம் எது? வந்தவர்கள் எல்லோரும் சுளையோடு வந்தார்கள். “புள்ள எளச்சிப் போச்சி, தேன் ஊத்திக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் கொடுத்தோம்.

சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நிற்கும்போது செவிலியர் ஒருவர் சொன்னார். எந்த நேரத்தில் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியம்மாவின் குளுக்கோமீட்டரை வாங்கிவந்து, பெரியம்மா செய்வதுபோலவே விடியற்காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தோம். 96. மறுநாள் 102. அதற்கு மறுநாள் 99. நோட்டுப் போட்டு எழுதி, பரீட்சையில் தேறியவர்கள்போல மகிழ்ந்தோம்.

அவன் உட்கொண்ட மருந்துகளில் ஒன்று ஸ்டீராய்டு. புற்றணுக்களைக் கொல்லும் மருந்துகளில் அது முக்கியமானது, நிறுத்த முடியாதது. அது இன்சுலினை உடல் மதிக்காமல் செய்கிறது. ஊசியாகப் போட்ட ஆஸ்பராஜினேஸ் என்ற இன்னொன்று, இன்சுலின் சுரப்பதையே குறைக்கிறது. காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றுவது மதியத்துக்கு மேல். இரவில் அது இறங்கிவிடும். விடிந்ததும் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நாங்கள் பார்த்த எண்கள் பொய்யில்லை. பார்த்த வேளைதான் பிசகு.

மதியம் அவனுக்கு நா வறண்டது. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போனான். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. வெயில் என்று நினைத்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். பதினோராம் நாள், “அக்கா, இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கு” என்றான். மூக்கு அடைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். பல்வலி என்று ஓர் இரவு காத்திருந்தோம். மறுநாள் பிற்பகல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். மேலண்ணத்தில் ஒரு கறுத்த திட்டு. அப்போது எடுத்த சர்க்கரை 412.

பயாப்சியில் ரைசோபஸ் என்று வந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பலாவின் ஆண்பூவிலும் பிஞ்சிலும் சாம்பல் பூத்து, பின் கறுத்து உதிரவைக்கும் அழுகலுக்கு வேளாண் அலுவலர்கள் சொல்லும் பெயர் அது. மனிதரைத் தாக்குவது பெரும்பாலும் அதே பேரினத்தின் வேறொரு சிற்றினம். அதன் வித்துத்துகள் மண்ணிலும் எருக்குழியிலும் மக்கிய சருகிலும் இருக்கிறது. எல்லோரும் அதைச் சுவாசிக்கிறோம், எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

தடுத்து நிறுத்துபவை வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 500-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது கணக்கு. நோயும் கீமோவும் சேர்ந்து அவற்றைக் குறைத்துவிடுகின்றன. எஞ்சியிருப்பவையும் சர்க்கரை ஏறிய ரத்தத்தில் மந்தமாகி, பூஞ்சையைத் தேடிப் போவதிலும் விழுங்குவதிலும் தளர்ந்துபோகின்றன. சர்க்கரை முற்றி ரத்தத்தில் அமிலம் சேர்ந்தாலோ, புரதத்தோடு கட்டுண்டிருந்த இரும்பு அவிழ்ந்து பூஞ்சைக்கு உரமாகிறது. கறுப்பு அதன் நிறமல்ல. பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட, ரத்தம் ஓடாமல் செத்த சதையின் நிறம்.

எங்கள் வீட்டில் நடந்தது அபூர்வமான ஒன்று என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தோம். இதே நோய்க்கு முதற்கட்ட கீமோ பெற்ற 278 பெரியவர்களில் 37 சதவீதத்தினருக்குச் சிகிச்சையின்போது சர்க்கரை ஏறியிருந்தது. அவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் அதிகமாக வந்தன; புற்றுநோயும் விரைவில் திரும்பியது. முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டுமான கவலை அல்ல இது. தம்பிக்கு அதற்கு முன் சர்க்கரை இருந்ததே இல்லை.

அண்ணத்தில் ஒரு பகுதியையும் இடது கண்ணையும் எடுத்தார்கள். ஆம்போடெரிசின்-பி வாரக்கணக்கில் ஏறியது. வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950-களில் எடுக்கப்பட்ட மருந்து அது. மண்ணிலிருந்து வந்ததை மண்ணிலிருந்தே வந்த ஒன்று எதிர்த்தது. குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடும்; நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்போம். சிறுநீரகம் தாங்குமா என்று நாள்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை அடங்கியது. ஆனால் அதை அடக்கிய அந்த ஏழு வாரமும் கீமோ நின்றிருந்தது. புற்றுநோய் காத்திருக்கவில்லை. 2020 பொங்கல் கழிந்த மறுவாரம் தம்பி போய்விட்டான்.

“நான் குடுத்த பலாச்சுளையாலயா டாக்டர்?” என்று அம்மா ஒரு நாள் கேட்டார். மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “சுளை கொஞ்சம் கூட்டியிருக்கும்மா. ஆனா ஏத்தினது மாத்திரை. அந்த மாத்திரையை நிறுத்தவும் முடியாது, அதுதான் அவரைக் காப்பாத்த வந்தது. இன்சுலின் போட்டு இறக்கியிருக்கலாம். அதுக்கு ஏறினது தெரிஞ்சிருக்கணும்” என்றார். தெரிந்திருக்க வேண்டும் என்ற அந்த வார்த்தையோடுதான் நாங்கள் வாழ்கிறோம். புற்றுநோய் என்ற பெரிய பெயரின் முன்னால் சர்க்கரை எங்களுக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. அது பெரியம்மாவுக்கும் தெருவில் பாதிப் பேருக்கும் இருக்கிற ஒன்றுதானே என்று இருந்துவிட்டோம்.

2021-இல் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தது. அங்கும் கொரோனாவோடு ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும் சேர்ந்திருந்தன. அந்த மாதங்களில் கொரோனாவிலிருந்து தேறி ஸ்டீராய்டோடு வீடு திரும்பியவர்கள் எங்கள் தெருவில் நான்கு பேர். அக்கா முகக்கவசம் கட்டிக்கொண்டு, குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள். “காலையில பாத்தாச்சும்மா, நல்லாத்தான் இருக்கு” என்றார் ஒரு பெரியவர். அவருக்கு 340 இருந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் இன்றும் முந்திரித்தோப்புக்குப் போய்வருகிறார்.

தம்பியின் நோட்டு எங்களிடம் இருக்கிறது. பதினோரு காலைகள், பதினோரு நல்ல எண்கள். அக்கா கொண்டுபோகும் புது நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு கிழித்து, வலப்பக்கத்தில் ‘மதியம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.