மண்கும்பான் மணலிலே உதைபந்தாட்டம்

பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி வழியே சென்றால், வெண்மணலும் பனைகளும் சூழ்ந்த மண்கும்பானை அடையலாம். வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாரை வணங்கிய பின் நாம் ஆட்டம் காணச் சென்றோம். எல்லைக்கோட்டின் மீதே ஊர் திரண்டு நின்றது.

வந்த அணியின் பின்காவலர் காலை நீட்டினார். "பிழை, பிழை!" என நாற்புறமும் குரல் எழுந்தது, மத்தியஸ்தர் ஊதினார். கால் பட்டது பந்திலா, ஆளிலா? நாம் அறியோம், அவராவது அறிந்தாரோ!

இது இவ்வூருக்கே உரிய குறையன்று. 2002இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றிலே 40 மத்தியஸ்தர்களுக்கு ஒரே ஆட்டத்தின் படத்தைக் காட்டினர். ஆரவாரத்தோடு பார்த்தவர்கள், ஒலியின்றிப் பார்த்தவர்களைவிட, உள்ளூர் அணிக்கெதிராக 15.5 சதவீதம் குறைவாகவே பிழை கண்டனர். 2020இல் பெருந்தொற்றினால் ஐரோப்பிய அரங்குகள் வெறிச்சோடியபோது, வந்த அணிகள் பெற்ற மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

ஆயினும் ஆரவாரமற்ற ஆட்டம் உப்பில்லாக் கஞ்சியே. ஆடுபவன் கால்களுக்கு ஊர்க்குரல் வலுவூட்டட்டும். மத்தியஸ்தரின் செவியருகே நின்று கூவுவதுதான் ஆகாது. நயினாதீவிலிருந்து படகேறி வரும் பிள்ளைகளுக்குக் கூடவருவோர் எத்தனை பேர்? கோட்டுக்குப் பத்தடி அப்பால் ஒரு கயிறு கட்டினால் போதும். கட்டுவதற்குப் பனைகளுக்கா இங்கே பஞ்சம்?