எரிமலை மேல தண்ணித் தொட்டி!

பட்டாசுப் பாக்கி வசூலுக்கு மும்பை போனால், பாக்கி வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான். "திங்கக்கிழமை வாங்க" என்று சேட்ஜி கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது. தாராவியில் இருக்கும் சித்தி மகன், "எரிமலை பாக்க வர்றியாண்ணே?" என்றான்.

"எம். புதுப்பட்டிக்காரனுக்கே வெடி காட்டுறியாடா?" என்றேன்.

போரிவலி ஸ்டேஷனில் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அவ்வளவு ஜனத்துக்கு நடுவே சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு! சிறுத்தை நிஜமாகவே உண்டு. தம்பியை முன்னே விட்டு நடந்தேன். சிறுத்தை பின்னாலிருந்துதான் பாயும் என்று ஞாபகம் வந்ததும் நான் முன்னே போய்விட்டேன்.

உள்ளே கான்ஹேரி குகைகள். புகையும் இல்லை, கூம்பும் இல்லை. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் தக்காணத்தில் பூமி பிளந்து, பொங்கின பால் மாதிரி நெருப்புக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்ததாம். இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அந்தப் பாறைதான். ஆனால் கான்ஹேரியில் வழிந்ததோடு நிற்கவில்லை, வெடித்திருக்கிறது. சிதறிய கல்லும் சாம்பலும் சேர்ந்து இறுகிய பாறை இது. நம்ம ஊர்ல வெடிச்சா என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியும். அதனால பாறையைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

இந்தப் பாறையில்தான் கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி, புத்த பிட்சுகள் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். எல்லாரும் பெரிய புத்தர் சிலையைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஓட பாறையிலேயே வாய்க்கால், அது போய் விழ குகை வாசலிலேயே தொட்டி! தொட்டி வெட்டக் காசு கொடுத்த வியாபாரிகளின் பெயரைக்கூட கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். ரெண்டாயிரம் வருஷமா அழியாத வரவுக் கணக்கு, பி.காம். படித்தவனுக்குப் புல்லரிக்காதா? இதே காட்டில் 1860-ல் விஹார், 1879-ல் துளசி என்று ஏரிகள் கட்டி, இன்றும் மும்பைக்குக் குடிநீர் போகிறது.

எங்க வீட்டிலும் தொட்டி இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றதும் கட்டியது. இப்போது அதில் விறகு! குடிக்க லாரித் தண்ணிதான், அதுவும் சண்டை போட்டு நாலு குடம்.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். "தொட்டியில கிடக்கிற விறகை எல்லாம் எடுத்து வெளியே போடு!"

"அது கிடக்கட்டும், பாக்கி வந்துச்சா?" என்றாள்.