காலி இடம்

கிங்ஸ் சர்க்கிள் என்றதும் நம் மன்றத்து நண்பர்களுக்கு நினைவில் எழுபவை காப்பியின் மணமும், மல்லிகைச் சரமும், வாழையிலைச் சாப்பாடும்தாம். எனக்கோ அவற்றோடு ஒரு வெட்கமும் நினைவுக்கு வரும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மகேசுவரி உத்யான் பூங்காவுக்கு அருகில், மாமா வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். சென்ற விடுமுறையில் அவருடைய அலமாரியில் 'ஆகாஷ் 2' ஒன்று அகப்பட்டது. மாணவர்க்குக் குறைந்த விலையில் கணினி கிட்ட வேண்டுமென்று, பம்பாய் ஐ.ஐ.டி.யின் பொறுப்பில் 2012 நவம்பரில் வெளிவந்த பலகைக் கணினி அது. ஏழு அங்குலத் திரை; 512 மெகாபைட் நினைவகம்; ஆல்வின்னர் ஏ13 என்னும் சில்லு. "ஓடினால் நீயே வைத்துக்கொள்" என்றார் மாமா. அதில் லினக்ஸை ஏற்றி, தாராவியில் ஞாயிறுதோறும் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குத் தருவேன் என்று, கருவி ஓடுமுன்னே வாக்களித்தும் விட்டேன்!

லினக்ஸை எழுதுவதற்கு ஒரு மெமரி கார்டு வேண்டும். கடைத்தெருவில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் சிறு கடை வைத்திருக்கிறார். அவரிடம் வாங்கினேன்.

நண்பர்களே, மின்சாரம் பாய்ந்தவுடன் அந்தச் சில்லுக்கு லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனுள் அழியாமல் பதிக்கப்பட்ட சிறு நிரல் ஒன்று உண்டு. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி, தான் அறிந்த அடையாளம் இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால் அங்குள்ளதை எடுத்து ஓட்டும். அங்கே வீற்றிருக்க வேண்டியவரே பூட்லோடர். லினக்ஸைக் கைப்பிடித்து அழைத்து வருபவர் அவர்தாம். ஜெர்மனியின் வுல்ஃப்காங் டெங்க் வளர்த்த யூ-பூட் அத்தகையது. கோப்பின் பெயரோ பிரிவின் பெயரோ அந்தச் சிறு நிரலுக்குத் தெரியாது. இடம் ஒன்றே தெரியும்.

நானும் யூ-பூட்டை அந்த இடத்தில் எழுதினேன். பிறகு, அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரிப்பது போலக் கார்டைப் பல பிரிவுகளாக்கினேன். பழைய எம்.பி.ஆர். முறையில் முதன்மைப் பிரிவுகள் நான்குதாம். "பழமை எதற்கு?" என்று புதிய ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தேன். முதற் பிரிவு 1 மெகாபைட் தள்ளியே தொடங்கியது. அதற்கு முன்னுள்ளது காலி என்றே பட்டியல் சொல்லிற்று. கார்டைச் செருகினேன். லினக்ஸ் வரவில்லை, பழைய ஆண்ட்ராய்டே வந்து நின்றது.

என் வேலையில் பிழை இருக்குமென்று எண்ண மனம் வரவில்லை. நேரே கடைக்குப் போனேன். "போலிக் கார்டை என் தலையில் கட்டிவிட்டீர்கள்!" என்று நாலு பேர் முன்னிலையில் கத்தினேன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் வேறு கார்டு கொடுத்தார்.

இம்முறை முதலில் பாகம் பிரித்துவிட்டு, அதன் பின் யூ-பூட்டை எழுதினேன். பிரிவுப் பட்டியலே பழுதாகிவிட்டதென்று மடிக்கணினி முறையிட்டது. மறுபடியும் கடைக்கு ஓடினேன்.

"மாத்தித் தாரேன் தம்பி. ஆனா ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டுதுன்னா, கெட்டது கார்டுதானான்னு பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. மூன்றாவது கார்டை வாங்காமலே திரும்பினேன். வழியில் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாறுபவர் இலையின் மேற்பாதியில் ஊறுகாய், பொரியல், கூட்டு என்று வரிசையாக வைத்துவிட்டுக் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டுச் சென்றார். அது காலி இடமா? சோற்றுக்குரிய இடமன்றோ! இலை வழக்கம் அறியாதவன் அங்கே அப்பளத்தைப் பரப்பினால் சோறு எங்கே விழும்?

சாப்பிட்ட கையோடு வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். எம்.பி.ஆர். பட்டியல் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஜி.பி.டி.யோ 128 பிரிவுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 128 பைட் வீதம், 16 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்ளும். 1ஆம் கிலோபைட்டில் தொடங்கி 17 வரை அதன் ஆட்சி. பூட்லோடரின் இருக்கையான 8 அதன் நடுவில்! முதல் முறை பட்டியல் பூட்லோடரை அழித்தது. இரண்டாம் முறை பூட்லோடர் பட்டியலை அழித்தது. கார்டுகள் இரண்டும் குற்றமற்றவை.

மருந்து எளிது. ஜி.பி.டி.யின் பட்டியலை 56 பிரிவுகளோடு நிறுத்தினால் அது 8ஐத் தொடாது. நான் பழைய எம்.பி.ஆருக்கே திரும்பினேன், நான்கு பிரிவு எனக்குப் போதும். கருவிக்குக் கருவி இவ்வழக்கம் மாறும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஐ.எம்.எக்ஸ்.6 சில்லு கார்டின் 1ஆம் கிலோபைட்டில் தேடும். ராஸ்பெரி பையோ ஃபேட் பிரிவுக்குள் கோப்பைப் பெயர் சொல்லித் தேடும்.

அன்று மாலையே திரையில் லினக்ஸ் எழுந்தது. அதைக் கையிலேந்தி அண்ணாச்சியிடம் போனேன். கடையில் அப்போதும் நாலு பேர் இருந்தார்கள். "குற்றம் என்னுடையது அண்ணாச்சி, மன்னியுங்கள்" என்று அவர்கள் காதுபடச் சொன்னேன். கெட்டதென்று ஒதுக்கியிருந்த முதற் கார்டை எடுத்துத் துடைத்து, மீண்டும் விற்பனைக்கு வைத்தார் அவர். பிறகு கேட்டார்: "பிள்ளைங்களுக்கு ஓடுதுல்லா?"

நண்பர்களே! பட்டியலில் பெயர் இல்லாததால் ஓர் இடம் காலியாகிவிடாது. அங்கே நமக்கு முன்பே ஒருவர் அமர்ந்து, சத்தமில்லாமல் நம் வேலையைத் தொடங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அங்கே கை வைக்குமுன் ஒரு வார்த்தை விசாரிப்போம். பிறர்மேல் குற்றம் சுமத்துமுன் இரண்டு வார்த்தை விசாரிப்போம்.