மோட்சத்துல ரெஸ்யூமே கேட்க மாட்டாங்க!

ஒரு சின்னக் கேள்வி ஃப்ரெண்ட்ஸ். ஒரு நல்ல காரியம். அதுல உங்க பேர் எங்கேயும் வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சா செய்வீங்களா?

சிம்போசியத்துக்கு ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு ஸ்டேஜ் கட்டினவன் பேரு நன்றியுரையில விட்டுப்போச்சுன்னா, மறுநாள் டிபார்ட்மென்ட்டே ரெண்டாப் பிரியுது. என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்றைக் கையில வாங்குறதுக்கு முன்னாடியே, 'சர்ட்டிஃபிகேட் உண்டா சார்?'னு கேக்குற தலைமுறை நாம. இப்படிப்பட்ட நம்மகிட்ட சொர்க்கத்தைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல ஒரே சிரிப்பு. "மச்சி, அரியரே இன்னும் கிளியர் ஆகலை, அதுக்குள்ள சொர்க்கமா?"

சிரிக்காத ஒருத்தன் என் ரூம்மேட் மட்டும்தான். அவனுக்கு அதுல ஒரு கோபம் இருக்கு.

கம்பம், போடி பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடியே தூக்குவாளியோட பெண்கள் ரோட்டோரத்துல நிப்பாங்க. ஜீப் வரும். மலையேறி, கேரளா பக்கம் இருக்குற ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், பொழுது சாய இறங்கி வருவாங்க. எத்தனை பேர் உக்காரலாம்னு ஜீப்புக்கு ஒரு கணக்கு இருக்கு. எத்தனை பேரை ஏத்துறாங்கங்கிறது வேற கணக்கு. அப்படி ஒரு ஜீப் கவிழ்ந்ததுல என் ரூம்மேட்டோட அம்மா இறந்துட்டாங்க. அவன் அப்போ ப்ளஸ் டூ.

துக்கம் கேக்க வந்தவங்கள்ல ஒரு பெரியவர், "உங்கம்மா மோட்சத்துல சந்தோஷமா இருக்காங்கப்பா, அழாத"ன்னு சொல்லியிருக்கார். நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சும் அவன் என்கிட்ட கேட்டான்: "மோட்சம் நல்ல இடம்னா, ஜீப்புல அத்தனை பேரை அடைச்சது தப்பில்லையாடா? சீக்கிரம் அனுப்பி வெச்சதுக்கு நன்றி சொல்லணுமா?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. நான் கம்பம் பள்ளத்தாக்குல ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். எங்க இராயப்பன்பட்டி பக்கம் பஸ்ல வந்தீங்கன்னா, திராட்சைப் பந்தலுக்கு மேல கோயில் கோபுரம் தெரியும். சின்ன வயசுல இருந்து 'மோட்சம்'னு ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவன். இருந்தும் அவன்கிட்ட சொல்ல ஒரு வார்த்தை வரலை. அதனால கேள்வியை அப்படியே தூக்கிக்கிட்டு எங்க அம்மாச்சிகிட்ட போனேன். வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "மோட்சம் இருக்கிறதாலதான்யா கணக்குக் கேக்க ஒரு ஆளு இருக்கு. அதுவும் இல்லேன்னா, ஏழைப்பட்டவ செத்தது செத்ததுதானே? யாரு கேக்கப் போறா?"

அதுக்கப்புறம் மத்தேயு நற்செய்தியோட 25-ம் அதிகாரத்தை எடுத்துப் படிச்சுப் பார்த்தேன். கடைசி நாள்ல அரசர் என்ன கேக்குறார் தெரியுமா? எத்தனை ஜெபம் சொன்னேங்கிற பேச்சே அங்க இல்லை. பசிச்சவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணி, உடுப்பு இல்லாதவனுக்குத் துணி, ஜெயில்ல கிடந்தவனைப் போய்ப் பார்த்தது... எல்லாமே இந்த பூமியில நடக்குற விஷயம்! இதுல பெரிய ட்விஸ்ட், நல்லது செஞ்சவங்களுக்கே தாங்க செஞ்சது ஞாபகமில்லை. 'எப்போ ஆண்டவரே செஞ்சோம்?'னு முழிக்கிறாங்க. ரெஸ்யூமேயே இல்லாம உள்ள போறாங்க பாஸ்!

'மேல போனா எல்லாம் சரியாயிடும், இங்க என்ன நடந்தா என்ன?'ன்னு சொல்லிக் கையைக் கட்டிக்கிறது கிறிஸ்தவ நம்பிக்கை இல்லைன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது. அங்க நடக்கப்போற தேர்வுக்குக் கேள்வித்தாள் முழுக்க இங்கதான் இருக்கு.

பேரைப் பத்திக் கேட்டேன் இல்லையா? அதுக்கு எங்க ஊர்லயே ஒரு பாடம் இருக்கு. லோயர்கேம்ப்ல இருந்து தேனிக்கிட்ட பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல இருபோக நெல் விளையுதுன்னா அது முல்லைப் பெரியாறு தண்ணி. 1887-ல ஆரம்பிச்சு 1895-ல முடிஞ்ச அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து காட்டாத்துக்குக் குறுக்கே 155 அடி. சிவில் ஸ்டூடன்ட்ஸ், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க! வெள்ளம் வந்து கட்டினதையெல்லாம் அடிச்சுட்டுப் போன கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டின பென்னிகுயிக்கை நாங்க மறக்கலை. லோயர்கேம்ப்ல 2013-ல மணிமண்டபம் திறந்தாங்க. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேர். ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கலே வைக்கிறோம்.

ஆனா அணைக்குப் பக்கத்துல ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கு. கட்டுமான நேரத்துல காய்ச்சல் மாதிரி நோய்கள்ல மட்டும் 483 பேர் இறந்ததாக் கணக்கு. அந்த 483 பேர்ல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? அவங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாங்கன்னுகூடத் தெரியாது. தினமும் அவங்க உழைப்புல வந்த சோத்தைத்தான் சாப்பிடுறோம்.

எங்க பன்னீர் திராட்சையும் அப்படித்தான். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ பேப்பர்ல போட்டிருந்தாங்க, 1832-ல ஒரு பிரெஞ்சு பாதிரியார்தான் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தாராம். அவ்வளவுதான் சேதி. பேர் இல்லை. பந்தல் மட்டும் இருக்கு.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம். சாமியார் வந்து மந்திரிப்பார். எங்க அம்மாச்சி எப்பவும் நாலு மெழுகுவத்தி கூடுதலா வாங்குவாங்க. ஓரத்துல மண் மேடா கிடக்குற, யாரும் தேடி வராத குழிகளுக்கு. "இது யாரு அம்மாச்சி?"ன்னு கேட்டா, "எனக்குத் தெரியாதுய்யா. அவருக்குத் தெரியும்"னு மேல கையைக் காட்டுவாங்க.

எனக்குத் தெரிஞ்ச சொர்க்கம் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். தங்கத் தெரு, முத்துக் கதவெல்லாம் இருக்கட்டும். ஒரு பேரும் தொலைஞ்சு போகாத இடம். அப்படி ஒரு இடம் இருக்குன்னு நம்புறவனுக்கு நன்றியுரையில பேரு விட்டுப்போனா என்ன? கன்று நடலாம், காய்க்கறப்போ நாம இருக்கணும்னு கட்டாயமில்லை. அதே மாதிரி, ஏலத் தோட்டத்து அம்மா ஒருத்தங்க சாவையும் 'விதி'ன்னு சொல்லி மூடிட முடியாது. அவங்க பேரும் அங்க பத்திரமா இருக்கு, கேள்வியோட.

ரூம்மேட் வீட்டு இழப்பீட்டு கேஸ் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் கூடப் போறேன். லேப் இருந்தா அட்டெண்டன்ஸ் போகும், போகட்டும். அவனுக்கு மோட்சத்து மேல இன்னும் கோபம் தீரலை. நானும் பிரசங்கம் பண்றதில்லை. கோர்ட் வாசல்ல டீ வாங்கிக் கொடுத்துட்டு, பக்கத்துல உக்காந்திருப்பேன்.

நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டியும் சரி. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செஞ்சு பாருங்க. யாருக்கும் சொல்லாம, போட்டோ எடுக்காம, பேர் போடாம!