உலர்த்தியில் சூடு நின்றது ஏன்?

கடல் கடந்து குடியேறிய பிள்ளைகளின் இல்லங்களில் சில திங்கள் தங்கித் திரும்பும் பெற்றோர் இன்று நம்மிடையே பலர். மகளின் பேறுகாலத்திற்கென்று சென்று வந்தவர்களிடம் அங்கே கண்டது என்ன என்று கேட்டால், பனியைப் பற்றிக் கூறுவர். அகன்ற சாலைகளைப் பற்றிக் கூறுவர். நாங்கள் கூறவிருப்பதோ ஒரு துணி உலர்த்தியைப் பற்றி. வீட்டுச் சாமான் ஒன்று பழுதுபட்ட கதையில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். ஒரு வீட்டிற்கு வரவிருந்த ஆபத்தும் இக்கதையினுள் அடங்கியிருக்கிறது.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களில் ஒருவர் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்பணியாளர் பிரிவில் 34 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் அந்த 34 ஆண்டுகளும் அவருடைய கறை படிந்த சட்டைகளைத் துவைத்து உலர்த்தியவர். ஆகவே இயந்திரத்தைப் பற்றி ஒருவரும் துணியைப் பற்றி மற்றவரும் பேச உரிமையுடையவர்கள் என்றே கருதுகிறோம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் எங்கள் மகள் வாழ்கிறாள். ஓர் ஆண்டு ஜனவரியில் அவளுடைய இரண்டாவது குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கடையில் விற்கும் காகித அணையாடைகள் பச்சிளங் குழந்தைக்கு ஆகாது என்று எங்களில் மற்றவர் தீர்ப்பளித்துவிட்டமையால், பழைய வேட்டித் துணிகள் நாள்தோறும் ஒரு கூடை நிறையச் சேர்ந்தன. வெளியே உறைபனி. அந்நாட்டில் சில குடியிருப்புச் சங்கங்கள் முற்றத்தில் கொடி கட்டித் துணி காயவிடுவதையே தடை செய்திருக்கின்றன என்பதையும் அங்குதான் அறிந்தோம். வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரிலிருந்து சென்ற எங்களுக்கு அது பெருவியப்பாக இருந்தது. தடை இல்லாத இடத்திலும் ஜனவரியில் வெளியே தொங்கவிட்ட துணி அப்பளம் போல விறைத்து நிற்கும். வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஜே. ராஸ் மூர் என்பவர், தம் தாயார் பனியில் நின்று துணி காயப்போடும் துன்பத்தைக் காணப் பொறாமல்தான் உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார் என்று சொல்வர். அவருடைய அமைப்பை ஹாமில்ட்டன் நிறுவனம் 1938 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அத்தகைய இயந்திரம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சூடு தர மறுத்தது. உருளை சுழன்றது, விளக்கு எரிந்தது, மணியும் அடித்தது. கதவைத் திறந்தால் துணி மட்டும் போட்டபடியே ஈரமாக இருந்தது. மருமகன் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தார். வந்து பார்ப்பதற்கு மட்டுமே 100 டாலருக்கு மேல். அதுவும் அடுத்த வாரம்தான் வர இயலும் என்றார்கள். எங்களில் ஒருவருடைய முகம் மலர்ந்ததை மற்றவர் கவனித்தார். ஓய்வுபெற்ற பயிற்றுநருக்கு இதைவிட நல்ல விருந்து ஏது?

அந்நாட்டு வீடுகளில் சாதாரண மின்னழுத்தம் 120 வோல்ட், நம்முடையது 230. உலர்த்தி போன்ற பெரிய கருவிகளுக்கு மட்டும் இரண்டு 120 வோல்ட் கம்பிகளைச் சேர்த்து 240 வோல்ட் அளிக்கிறார்கள். உருளையைச் சுழற்றும் மோட்டாருக்கு அவற்றுள் ஒரு கம்பியே போதும். வெப்பச் சுருளுக்கோ இரண்டும் வேண்டும். ஆதலால் இரட்டைப் பிரேக்கரில் ஒரு பக்கம் செயலிழந்தாலும் உருளை சுழலும், சூடு வராது. எனவே முதலில் பிரேக்கரை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்தோம். சுவரிலுள்ள பிளக் துளைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தோம். 240 வோல்ட் குறைவின்றி வந்தது. பழுது இயந்திரத்தினுள்தான் என்பது உறுதியாயிற்று.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தை முன்னே இழுத்து, பின்புறத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினோம். (எரிவாயுவில் இயங்கும் உலர்த்திகளும் உண்டு. அவற்றின் சூடு நின்றால், பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் தொடலாகாது.) உள்ளே ஒரு நீண்ட தகரப் பெட்டி, அதனுள் நிக்ரோம் கம்பிச் சுருள். ஒரு முனையின் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் ஏறக்குறைய 10 ஓம் மின்தடை காட்டியது. சுருள் நலமாக இருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ 5,500 வாட் இழுக்கும் சுருள் அது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிகள் ஏழினை ஒருங்கே எரியவிட்டதற்குச் சமம். அவ்வளவு வெப்பத்தை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து, அதன் அருகிலேயே பஞ்சுத் துணிகளைப் புரளவிடுகிறார்கள் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அதனால்தான் அப்பெட்டியின் மீது இரண்டு காவலர்களை அமர்த்தியிருக்கிறார்கள். முதலாமவர் வெப்பக் கட்டுப்பாட்டி. சூடு சுமார் 120 பாகை செல்சியசை எட்டினால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியபின் தாமே மீண்டும் இணைத்துக்கொள்வார். இரண்டாமவர் வெப்பத் துண்டிப்பான். எங்கள் மகள் வீட்டு இயந்திரத்தில் அதன் எல்லை சுமார் 178 பாகை. அந்த எல்லையைத் தாண்டினால் ஒரே முறை துண்டிப்பார். பிறகு சேரவே மாட்டார். ஒரு முறை உயிரைக் கொடுத்துக் காப்பதே அவருக்கு விதித்த பணி. மல்ட்டிமீட்டரின் முனைகளை அவர்மீது வைத்தபோது முள் அசையவில்லை. கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாத, ஒரு ரூபாய் நாணயமளவே உள்ள அந்த வில்லைதான் அற்றுப்போயிருந்தது.

இரண்டு காவலர்களையும் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். 25 டாலருக்கும் குறைவு. அன்றிரவே கேட்டு அனுப்பினோம். வந்துசேர மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. மருமகனின் நண்பர் ஒருவர், இத்தகைய வேலைகளில் கைதேர்ந்தவராம், தொலைபேசியில் வழி சொன்னார். அந்த வில்லையை எடுத்துவிட்டு இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் சூடு உடனே வந்துவிடும். தம் வீட்டில் ஓராண்டாக அப்படித்தான் ஓடுகிறது என்றார்.

"மாமா, மூன்று நாளைக்கு மட்டும்தானே? பாகம் வந்ததும் மாற்றிவிடலாமே" என்றார் மருமகன். அவர் கேட்டதில் குற்றமில்லை. இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருந்து பகலெல்லாம் வேலை செய்யும் மனிதர். மாடிப்படியில் ஈரத்துணிக் கூடை அவரை வழிமறித்துக்கொண்டிருந்தது.

மருமகன் வீட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டு மாமனார் 'கூடாது' என்று சொல்வது எளிதன்று. பெண்ணைக் கொடுத்தவர்கள் அறிவார்கள். எனினும் எங்களில் ஒருவர் கையிலிருந்த குறடைக் கீழே வைத்துவிட்டுக் கூறினார்: "மாப்பிள்ளை, அது ஐந்து நிமிட வேலை. செய்து தரலாம். ஆனால் இது கீழே ஓடும்போது மாடியில் நாங்கள் கண்மூடித் தூங்கமாட்டோம், உங்களையும் தூங்கவிடமாட்டோம்."

மருமகன் பதில் பேசவில்லை. அன்றிரவு உணவின்போதும் அதிகம் பேசவில்லை. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நம் ஊரில் இந்த முறுக்கு வேலை புதிதா என்ன? பீங்கான் பியூஸ் வைத்த பலகைகள் இருந்த காலத்தில், 5 ஆம்பியர் பியூஸ் கம்பி போட வேண்டிய இடத்தில் ஒயரை உரித்த செப்புக் கம்பியை நான்கு புரியாக முறுக்கிப் போட்டு, 'இனி போகவே போகாது' என்று பெருமைப்பட்ட வீடுகள் எத்தனை! எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அவ்வாறு போட்ட கம்பி போகவில்லைதான். கிணற்று மோட்டார் கருகி, ஒயர் எரிந்து, சுவர் ஓர் ஆள் உயரத்திற்குக் கரியாயிற்று. பியூஸ் போனால் அதைப் பழுது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது செய்தி கொண்டுவந்த தூதுவன். பழுது வேறெங்கோ இருக்கிறது. வெப்பத் துண்டிப்பானும் அப்படியே. 178 பாகைக்குச் சூடு ஏறியது எதனால் என்று கேளாமல் புதிய வில்லையைப் பொருத்தினாலும், சில வாரங்களில் அதுவும் அற்றுப்போகும். கம்பியை முறுக்கிவிட்டாலோ, அற்றுப்போவதற்கு இடையில் ஒன்றும் இராது.

எதனால் சூடு ஏறியது? அதற்குரிய சாட்சியத்தை எங்களில் மற்றவர்தான் கொண்டுவந்தார். சமையலறையில் பேசிக்கொண்டிருந்தபோது மகள், "இரண்டு மாதமாகவே ஒரு சுற்றில் காய்கிற துணிக்கு இரண்டு சுற்றுத் தேவைப்படுகிறது, அம்மா, மேல்தகடும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது" என்றாளாம். காற்று வெளியேறவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. உலர்த்தி ஈரக்காற்றை 4 அங்குலக் குழாய் வழியே வீட்டிற்கு வெளியே தள்ளுகிறது. அவ்வழி அடைபட்டால் ஈரமும் போகாது, வெப்பமும் போகாது.

மறுநாள் காலை மருமகனே மேலங்கியும் காலுறையுமாக வந்து, "நான் வெளியே போய்ப் பார்க்கட்டுமா, மாமா?" என்றார். உள்ளே சூடின்றி வெறுங்காற்றில் உருளையை ஓடவிட்டோம். அவர் பனியில் முழங்கால் புதைய நடந்து, சுவரின் வெளிப்புறத்திலுள்ள மூடியருகே குனிந்து நின்றார். காற்று வந்தால் அம்மூடி தானே திறந்து ஆட வேண்டும். "அசையவே இல்லை, மாமா!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

நீண்ட கம்பில் பொருத்திய தூரிகை ஒன்றைக் கடையில் வாங்கிவந்தோம். இயந்திரத்தின் பின்னே மடிப்பு மடிப்பாயிருந்த பிளாஸ்டிக் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. சுவரினுள் செல்லும் தகரக் குழாயில் தூரிகையை நுழைத்துச் சுழற்றி இழுக்க இழுக்க, பஞ்சுத் தும்பு திரி திரியாக வந்தது. சாம்பல் நிறம், நீலம், குழந்தைத் துணியின் வெண்மை. அதற்கும் அப்பால், மூடியின் அருகே, ஈரத்தில் ஊறி அட்டை போல் இறுகிய ஒரு படலம். அதில் பழுப்பு நிற நாய் மயிர்! மகள் வீட்டில் நாய் வளர்த்ததே இல்லை. 2019 இல் அவர்கள் அவ்வீட்டை வாங்குமுன் குடியிருந்தவர்களின் தும்பு அது. வெளியே எடுத்ததையெல்லாம் ஒரு தலையணை உறையில் அடைத்தோம், உறை நிரம்பிவிட்டது. மருமகன் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, பனியின்மேல் வைத்து, நெருப்புக் குச்சியைக் காட்டினார். குச்சி தொடுமுன்பே குப்பென்று எரிந்து அடங்கியது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரத்திற்கெல்லாம் கைப்பேசியை எடுத்து அந்த நண்பரை அழைத்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆய்ந்து கூறிய மதிப்பீடு ஒன்று உண்டு. குடியிருப்புகளில் உலர்த்தியால் ஆண்டுதோறும் சுமார் 2,900 தீ விபத்துகள். அவற்றுள் நூற்றுக்கு 34 சுத்தம் செய்யாமையால் நேர்ந்தவை. எண்ணிக்கை உச்சம் பெறுவது ஜனவரியில். நாங்கள் நின்றிருந்த மாதமும் அதுவே.

பாகம் வருமட்டும் நிலவறையில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டி எங்களில் மற்றவர் ஆட்சி செலுத்தினார். ஊரில் ஐப்பசி மழையில் செய்வதுபோல், கூடையைக் கவிழ்த்துக் கீழே சாம்பிராணிப் புகை போட்டு அணையாடைகளை உலர்த்தலாம் என்று அவர் சொன்னபோது, புகை உணர்த்தும் மணி ஊரையே கூட்டிவிடும் என்று மகள் தடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பொட்டலம் வந்தது. இரண்டு காவலர்களையும் சேர்த்தே மாற்றினோம். ஒருவர் மிகைவெப்பம் கண்டிருக்கையில் மற்றவரை நம்பி விட்டுவைப்பதில் பொருளில்லை. நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை எறிந்துவிட்டு வழவழப்பான தகரக் குழாய் பொருத்தினோம். இணைப்புகளில் திருகாணி போடவில்லை. திருகாணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் தும்பு அதில் சிக்கி மறுபடியும் சேரும். உலோக ஒட்டுநாடாவே ஏற்றது. திருகாணிகளை மருமகன் முடுக்கினார். விளக்குப் பிடித்தது மூத்த பேத்தி. பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினோம். வெளியே மூடி திறந்து படபடத்தது. வெண்புகைபோல் ஆவி எழுந்தது. அன்றைய கூடை நாற்பது நிமிடங்களில் காய்ந்துவிட்டது.

நாங்கள் ஊர் திரும்பியபின் மே மாதத்தில் மருமகன் பேசினார். உலர்த்தி நன்றாக ஓடுகிறதாம். ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துடைக்காமல் எவரும் துணி போடக்கூடாது என்று பேத்தி சட்டம் போட்டிருக்கிறாளாம். அந்தத் தூரிகையை நண்பர் இரவல் வாங்கிச் சென்றார். அவரிடமிருந்து பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்கிச் சென்றார். இப்பொழுது அது எந்த வீட்டில் இருக்கிறதென்று தெரியவில்லையாம்.