வவுச்சர் இல்லாத கணக்கு

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் 'இதற்கு வவுச்சர் எங்கே?' என்று கேட்கத் தோன்றும். கல்யாண வீட்டில் பாயசம் நன்றாக இருந்தால்கூட, முந்திரிக்குப் பில் இருக்குமா என்று மனசு போகும். படித்து முடித்ததும் ஒரு ஆடிட்டரிடம் கொஞ்ச காலம் குப்பை கொட்டினேன். அவர் அடிக்கடி சொல்வார்: "தம்பி, பேப்பர் இல்லேன்னா அது நடக்கவே இல்லே!"

நல்ல மனுஷர். வருமான வரி சமாச்சாரத்துக்காகத்தான் அதைச் சொன்னார். ஆனால், இதே சித்தாந்தத்தைக் கொலைக்குப் பயன்படுத்துகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பிரேஸில் நாட்டில், ரியோ டி ஜெனிரோ நகரத்துக் குன்றுகளில் போதை மருந்து விற்கும் கோஷ்டிகள். ஆளைக் கொன்றபின் உடம்பைக் கார் டயர்களுக்கு நடுவே வைத்துக் கொளுத்திவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மைக்ரோவேவ்'. உடம்பு இல்லை என்றால் கொலை இல்லை. வவுச்சரைக் கொளுத்திவிட்டால் கணக்கு ஏது?

அப்படித்தான் 2002 ஜூன் 2-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டிம் லோபஸ் காணாமல் போனார்.

டி.வி. குளோபோ என்ற பெரிய சேனலில் நிருபர். வயது ஐம்பத்தொன்று. சின்ன வயசில் மங்கேரா என்ற குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். ஏழை ஜனங்கள் வசிக்கும் இந்தக் குன்றுப் பகுதிகளை அங்கே 'ஃபவேலா' என்பார்கள். மாறுவேஷம் அவருக்குக் கை வந்த கலை. மெட்ரோ ரயில் வேலையில் கூலி ஆளாகப் போய்ச் சேர்ந்து எழுதியிருக்கிறார். போதை மீட்பு மையத்தில் நோயாளி மாதிரி படுத்துப் பார்த்திருக்கிறார். 2001-ல் ஃபவேலா தெருக்களில் கத்திரிக்காய் விற்கிற மாதிரி கூவிக் கூவிப் போதை மருந்து விற்பதை ஒளித்து வைத்த கேமராவில் பிடித்து, டி.வி.யில் போட்டார்கள். நாடே அதிர்ந்தது. 'எஸ்ஸோ பரிசு' என்ற பெரிய பத்திரிகை விருது கிடைத்தது. வியாபாரிகளுக்கு எரிச்சலும் கிடைத்தது.

அடுத்த வருஷம் 'விலா க்ரூசெய்ரோ' என்ற ஃபவேலாவில் குடியிருப்பவர்கள் சேனலைத் தேடி வந்தார்கள். வாராவாரம் நடக்கும் டான்ஸ் கூத்தில் போதை மருந்து கடை பரப்புகிறார்கள். மைனர் பெண் குழந்தைகளைச் சீரழிக்கிறார்கள். போலீஸில் சொல்லியும் பிரயோஜனமில்லை என்று அழுதார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. போலீஸ் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஐம்பத்தொரு வயசு மனுஷர், இடுப்பில் கட்டும் ஒரு சின்னப் பையில் கேமராவை ஒளித்துக்கொண்டு செய்யப் போனார். ஒரு தடவை அல்ல. நாலாவது தடவை போனபோதுதான் மாட்டினார்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் கார் வந்தது. "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பத்து மணிக்கு வா" என்று சொல்லி டிரைவரைத் திருப்பி அனுப்பினார். பத்து மணிக்குக் கார் வந்தது. அவர் வரவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, அந்த டிரைவருக்கு அப்புறம் தூக்கம் வந்திருக்குமா?" நான் கோஷ்டித் தலைவன் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். நிறுத்திக்கொண்டேன்.

அந்தத் தலைவன் பெயர் எலியாஸ் மலூகோ. 'மலூகோ' என்றால் கிறுக்கு. அடைமொழி இல்லாத ரௌடி எந்த ஊரிலும் கிடையாது போலிருக்கிறது. முன்பே ஜெயிலில் இருந்து, 2000-ல் கோர்ட் உத்தரவோடு சட்டப்படி வெளியே வந்த ஆசாமி. டிம் லோபஸைப் பிடித்தவர்கள் பக்கத்தில் உள்ள 'அலெமாவோ' குன்றுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு 'விசாரணை' நடத்தினார்களாம். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. சித்திரவதை, ஒரு வாள், அப்புறம் டயர். ஒரே ராத்திரியில் கேஸ் முடிந்தது.

நிஜமான வழக்கு போலீஸ், கோர்ட் என்று மூன்று வருஷம் ஓடியது. முதல் ஒரு வாரம் போலீஸ் கையில் உறுதியாக எதுவும் இல்லை. செத்தாரா, கடத்தப்பட்டாரா என்றுகூடத் தெரியாது. ஜூன் 9-ம் தேதி கோஷ்டியைச் சேர்ந்த இரண்டு பேர் சிக்கினார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் அந்த ராத்திரியின் கதை வெளியே வந்தது. ஆனால், வாக்குமூலம் என்பது கடைக்காரர் வாயால் சொல்லும் கணக்கு மாதிரி. நாளைக்கே மாற்றிச் சொல்லலாம். பேப்பர் வேண்டுமே!

ஜூன் 12-ம் தேதி 'க்ரோட்டா' என்ற இடத்தில் குன்றின் மேலே தோண்டினார்கள். கருகிய எலும்புத் துண்டுகள் கிடைத்தன. டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பி, ஜூலை முதல் வாரத்தில் பதில் வந்தது: அவர்தான். காணாமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் குடும்பத்தால் அடக்கம் செய்ய முடிந்தது. டயர் நெருப்பால் முழுசாக அழிக்க முடியாத ஒரு துண்டுதான் அந்த வழக்கின் வவுச்சர்.

என்னை உறுத்துகிற விஷயம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இடம் டிம் லோபஸுக்காகத் தயார் செய்ததில்லை. அது கோஷ்டியின் ரகசியச் சுடுகாடு. 'மைக்ரோவேவ்' என்று ஒரு பெயரே புழக்கத்தில் இருக்கிறதென்றால், முன்னே எத்தனை பேர் போயிருக்க வேண்டும்! அவர்களுக்குக் கார் அனுப்ப ஆபீஸ் இல்லை. காணோம் என்று தினமும் நியூஸ் வாசிக்கச் சேனல் இல்லை. டி.வி.காரர் செத்ததால் போலீஸ் மண்வெட்டியோடு மலையேறியது. இல்லையென்றால் ஏறியிருக்குமா? ஏறியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தலைவன் என்ன ஆனான்? செப்டம்பரில் போலீஸ் அலெமாவோவைச் சுற்றி வளைத்தது. ஐம்பது மணி நேரம் போல நீடித்த முற்றுகை. 19-ம் தேதி ஆள் அகப்பட்டான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் இருவர் வழக்கு நடக்கும் முன்பே செத்துப்போனார்கள். மிச்சம் ஏழு பேருக்கும் 2005-ல் தண்டனை. எலியாஸுக்கு இருபத்தெட்டரை வருஷம்.

அதற்குள், 2002 டிசம்பரிலேயே, பிரேஸில் பத்திரிகையாளர்கள் கூடித் துப்பறியும் நிருபர்களுக்கென்று 'அப்ராஜி' என்ற சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள். தனியாக ஒருத்தனை மலைமேல் அனுப்பிவிட்டுக் கீழே காத்திருப்பது நியாயமா என்று சேனல்கள் மீதும் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். கேமராவோடு போனவர் துணிச்சல்காரர் என்பதால் அனுப்பியவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது. என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமிகளுக்குக் கார்கூட வராது என்பது வேறு விஷயம்.

இன்னொரு கூத்து. தண்டனை பெற்றவர்களில் ஒருவனை, நன்னடத்தை, சலுகை என்று 2007-ல் வெளியே போய்வர அனுமதித்தார்கள். போனான். வரவில்லை. 2010 நவம்பரில் போலீஸும் ராணுவமும் கவச வண்டிகளோடு முதலில் விலா க்ரூசெய்ரோவிலும் பிறகு அலெமாவோவிலும் நுழைந்தபோதுதான் மறுபடி கிடைத்தான். எங்கே? அலெமாவோவிலேயே! விலா க்ரூசெய்ரோவிலிருந்து துப்பாக்கியோடு டஜன் கணக்கில் ஆட்கள் மண் ரோட்டில் அலெமாவோ பக்கம் ஓடியதை ஹெலிகாப்டரிலிருந்து டி.வி.யில் நேரடியாகவே காட்டினார்கள். எட்டு வருஷம் முன்னால் டிம் லோபஸை ஏற்றிக்கொண்டு போனதும் இதே திசைதான்.

எலியாஸ் மலூகோ 2020 செப்டம்பரில் பரானா மாநிலத்து ஜெயில் அறையில் இறந்து கிடந்தான். அலெமாவோவில் இப்போது ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு டிம் லோபஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் பெண் குழந்தைகள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழேதான் உள்ளே போகிறார்கள்.